கீட்ஹோர்ன்: சதுப்பைத் தோண்டிய குழிகளில் வளர்ந்த டச்சு கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீட்ஹோர்னின் படத்தை எப்படியும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். நாணல் கூரை வீடு, வாசலையொட்டிக் கால்வாய், அதன்மேல் வளைந்த மரப்பாலம். வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுற்றுக்கு வரும். ஆனால் படத்தோடு வருகிற குறிப்புகளில் பாதி தவறு. அந்த ஊரின் உண்மையான கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதனால் என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துவைத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கீட்ஹோர்ன் எங்கே இருக்கிறது?

நெதர்லாந்தின் வடகிழக்கில், ஓவரைசல் மாகாணத்தில். பக்கத்தில் உள்ள நகரம் ஸ்டேன்வைக். முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 1973-ல் பிரேடர்வீட என்ற நகராட்சியோடு இணைந்தது. 2001 முதல் ஸ்டேன்வைக்கர்லாண்ட் நகராட்சியில் இருக்கிறது. மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு.

அங்கே உள்ள கால்வாய்கள் இயற்கையாக அமைந்தவையா?

இல்லை. பெரும்பாலானோர் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். தண்ணீர் நிறைந்த ஓர் இடத்தில் யாரோ அழகான ஊர் கட்டினார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது நேர்மாறு. முதலில் அங்கே சதுப்பு நிலம்தான் இருந்தது. மக்கள் அந்த நிலத்தையே வெட்டி, காயவைத்து, எரிபொருளாக விற்றார்கள். வெட்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. வெட்டியதைப் படகில் ஏற்றிக்கொண்டு போகக் கால்வாய் தோண்டினார்கள். ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளும் அப்படித்தான் வந்தன. இன்று நாம் படகில் போகிற தண்ணீரில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் கால் வைத்து நடந்த நிலம்.

நிலத்தை எரிப்பதா? அது எப்படி?

அந்த நிலம் மண்ணால் ஆனதில்லை. சதுப்பில் வளர்கிற பாசியும் நாணலும் செடிகொடிகளும் மடிந்து விழுகின்றன. தண்ணீருக்குள் காற்று படாததால் அவை முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே அடுக்கடுக்காகச் சேர்ந்ததைத்தான் பீட் என்கிறோம். நிலக்கரியாக முற்றுவதற்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்தால் நன்றாக எரியும். டச்சுக்காரர்கள் காய்ந்த கட்டியை டர்ஃப் என்கிறார்கள். ஹாலந்து நகரங்களின் அடுப்புகளும், பியர் காய்ச்சும் இடங்களும், செங்கல் சூளைகளும் நூற்றாண்டுக்கணக்கில் இதை நம்பித்தான் இருந்தன. அந்த நாட்டில் பெரிய காடுகள் குறைவு, விறகுக்குப் பஞ்சம்.

எப்படித் தோண்டினார்கள்?

மேல் அடுக்கு இருக்கும்வரை மண்வெட்டி போதும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனதும் வேலை மாறிவிடும். நீளமான கழி, அதன் முனையில் இரும்பு வளையம், வளையத்தில் வலை. படகிலோ கரையிலோ நின்றுகொண்டு அதைத் தண்ணீருக்குள் விட்டு, அடியிலிருக்கும் சேற்றை அள்ளி மேலே தூக்க வேண்டும். தண்ணீரில் ஊறிய பீட்டின் கனத்தை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் முழுக்க அதே வேலை.

அள்ளிய சேற்றை மரத்தொட்டியில் கொட்டி, தண்ணீர் சேர்த்து, கூழாகும்வரை கிளறுவார்கள். அந்தக் கூழைக் குழிக்குப் பக்கத்தில் நீளமாக விட்டுவைத்திருக்கும் நிலப்பட்டையின்மேல் பரப்புவார்கள். கொஞ்சம் தண்ணீர் வடிந்ததும், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். இந்த வேலையில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அப்புறம் செங்கல் அறுப்பதுபோல நீண்ட கத்தியால் கட்டி கட்டியாக அறுத்து, காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கி, திருப்பித் திருப்பிக் காயவைப்பார்கள். வசந்தத்தில் தொடங்கினால் கோடையின் கடைசியில்தான் விற்கிற பதத்துக்கு வரும். மழைக்காலம் நீண்டுவிட்டால் அந்த ஆண்டு உழைப்பு வீண்தான். காய்ந்த கட்டிகள் படகில் பிளாக்சைல், ஸ்வார்ட்ஸ்லௌஸ் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து சௌடர்சே கடலைத் தாண்டி ஆம்ஸ்டர்டாம் பக்கம் போயின.

ஊரின் வடிவத்தைப் புரிந்துகொள்ள, காயவைக்க விட்டுவைத்த அந்த நிலப்பட்டைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள சதுப்புப் பகுதியின் பெயர் வேர்ரிப்பன். 'வேர்' என்பது தோண்டிய நீர்ப்பட்டை, 'ரிப்' என்பது தோண்டாமல் விட்ட நிலப்பட்டை. வேலையின் வரைபடமே ஊர்ப்பெயராகிவிட்டது.

கீட்ஹோர்ன் என்ற பெயருக்கு என்ன பொருள்?

ஆட்டுக் கொம்பு. ஊர்ப் பேச்சில் 'கீட்' என்றால் வெள்ளாடு, 'ஹோர்ன்' என்றால் கொம்பு. முதலில் வந்து குடியேறியவர்கள் சதுப்பைத் தோண்டியபோது ஏராளமான ஆட்டுக் கொம்புகள் கிடைத்தனவாம். 1170-ல் வந்த பெருவெள்ளத்தில் மூழ்கிச் செத்த ஆடுகளின் கொம்புகள் என்று சொல்கிறார்கள். வெள்ளம் வந்தது வரலாறு, கொம்புக் கதை ஊர் மரபு. ஊர்க்காரர்கள் தங்கள் வட்டார வழக்கில் கீட்டர்ன் என்று சுருக்கித்தான் சொல்வார்கள்.

முதலில் குடியேறியவர்கள் யார்?

சுமார் 1230-ல், மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் என்கிறது மரபுக் கதை. தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு பிராயச்சித்தம் தேடிய கிறிஸ்தவப் பிரிவினர் என்றும் அதே கதை சொல்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள் என்பதை நான் நம்பத் தயங்குகிறேன். இந்தப் பகுதி அப்போது உட்ரெக்ட் நகர ஆயரின் (பிஷப்பின்) ஆட்சியில் இருந்தது. சதுப்பைப் பண்படுத்த ஆட்களைக் குடியேற்றுவது அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் வழக்கமாகச் செய்த காரியம். 1528-ல் ஆயரின் ஆட்சி முடிந்து, பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் மாகாணம் போனது.

ஊரைச் சுற்றிப் பெரிய ஏரிகள் எப்படி வந்தன? பூலாக்கெ என்ற ஊர் மூழ்கியது உண்மையா?

உண்மைதான். இந்த வட்டாரத்தின் கதையில் எனக்கு மனதில் நிற்பது இதுதான்.

நிலப்பட்டைகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அவை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், இடையில் உள்ள குழி எவ்வளவு அகலம் போகலாம் என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன. ஆனால் பட்டைக்குள்ளும் விற்கக்கூடிய பீட்தான் இருக்கிறது. கூலிக்கும் கடனுக்கும் நடுவில் வாழ்கிறவன் அதை எத்தனை நாள் தொடாமல் இருப்பான்? குழிகள் அகலமாகின, பட்டைகள் ஒடுங்கின. நீர்ப்பரப்பு விரிந்தால் காற்றுக்கு அலை எழுப்ப இடம் கிடைக்கும். அலை வந்து ஒடுங்கிய பட்டையை அரிக்கும். ஒரு பட்டை உடைந்தால் இரண்டு குழிகள் ஒன்றாகும், அலை இன்னும் பெரிதாகும்.

1775, 1776 என்று அடுத்தடுத்து இரண்டு நவம்பர்களில் புயல் வந்தது. சௌடர்சே கடல் அணையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பலவீனமாக இருந்த பட்டைகள் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டன. கீட்ஹோர்னுக்குத் தெற்கே இருந்த பூலாக்கெ கிராமம் அழிந்து, அந்த இடம் ஏரியானது. தேவாலயக் கோபுரம் மட்டும் பிறகும் சில காலம் தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. இன்று அந்த ஏரிக்குப் பூலாக்கர்வைட என்று பெயர். ஊர் போனாலும் பெயர் தண்ணீருக்கு வந்துவிட்டது. கோடையில் அங்கே பாய்மரப் படகுகள் நிறைந்திருக்கும்.

1825 பிப்ரவரியில் இன்னொரு பெருவெள்ளம். அதில் ஓவரைசல் மாகாணத்தில் மட்டும் 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கீட்ஹோர்ன் பகுதியும் கடுமையாக அடிபட்டது.

ஏரியில் எழுந்து நிற்கலாம் என்கிறார்களே?

நிற்கலாம். ஊரையொட்டி இருக்கிற போவன்வைட ஏரி சுமார் ஒரு மீட்டர் ஆழம்தான். பீட் அடுக்கு தீர்ந்து மணல் தட்டுப்படும்வரை தோண்டினார்கள், அதற்குக் கீழே தோண்டக் காரணம் இல்லை. அதனால்தான் அடி தட்டையாகவும் ஓரளவு உறுதியாகவும் இருக்கிறது. படகிலிருந்து கழியை விட்டுப் பார்த்தால் கையில் உணரலாம்: கொஞ்சம் சேறு, உடனே 'டக்' என்று மணல்.

பீட் தீர்ந்தபோது மக்கள் என்ன செய்தார்கள்?

பலர் ஊரைவிட்டுப் போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கீட்ஹோர்ன்காரர்கள் குடும்பம் குடும்பமாக வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்கு இடம்பெயர்ந்து, அங்கே இருந்த சதுப்புகளில் வேலையைத் தொடங்கினார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து வலையால் அள்ளுகிற முறையை ஃப்ரீஸ்லாந்தின் அந்தப் பகுதிக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். அங்குள்ளவர்கள் இவர்களை 'கீட்டர்சன்' என்றே அழைத்தார்கள். உழைப்பும் திறமையும் போனதோடு, வெட்டிய குழிகள் ஏரியாகிற கதையும் அங்கே திரும்ப நடந்தது.

தங்கியவர்கள் கையில் இருந்ததை வைத்துப் பிழைத்தார்கள். மாடு, காய்ந்த புல், மீன், விலாங்கு, குளிர்காலத்தில் நாணல். செழிப்பான வாழ்க்கை கிடையாது. ஒரு விவசாயியின் புல்வெளி பல துண்டுகளாகத் தண்ணீருக்கு நடுவே கிடக்கும். மாட்டை மேயவிடக்கூடப் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். படகில் வரிசையாக மாடுகள் நிற்கிற பழைய புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. பார்க்க வேடிக்கையாகத் தெரியும். பால் கறக்கத் தினமும் போய் வந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

பாலங்கள் ஏன் அவ்வளவு உயரமாக வளைந்திருக்கின்றன?

புல் ஏற்றிய படகு கீழே போக வேண்டும், அதற்காகத்தான். காய்ந்த புல்லைப் படகில் மலைபோல் குவித்துக் கொண்டுவருவார்கள். தட்டையான பாலம் போட்டால் படகு நின்றுவிடும். ஊரில் 170-க்கும் மேற்பட்ட மரப்பாலங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு வீட்டுக்கு மட்டும் போகிற பாலங்கள். ஒவ்வொரு வீடும் நாலாபக்கமும் தண்ணீர் சூழ்ந்த தனித் திட்டில் இருப்பதால், பாலம்தான் வீட்டுக்கு வாசல். நடந்து பார்த்தால் தெரியும், மழை நாளில் மரப்பலகை வழுக்கும். குறுக்கே அறைந்திருக்கும் சட்டங்களில் காலை ஊன்றித்தான் இறங்க வேண்டும்.

வீட்டுக் கூரை நடுவில் ஏறி இறங்குகிறதே, அழகுக்காகவா?

அதையும் புல்தான் தீர்மானித்தது. முன்பக்கம் குடும்பம் வாழும், பின்பக்கம் தொழுவமும் புல் பரணும். மாடுகள் பெருகியபோது புல் வைக்கக் கூடுதல் இடம் தேவைப்பட்டது. திட்டில் பக்கவாட்டில் நீட்ட நிலம் இல்லை. அதனால் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினார்கள். முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கிற இந்த அமைப்பை ஒட்டக முதுகு என்று அங்கே சொல்கிறார்கள். கூரைக்கான நாணல் வீட்டுக்குப் பின்னாலேயே வளர்ந்தது.

ஊரில் 'ட் ஓல்ட மாட் ஊஸ் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பழைய பண்ணை வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று படம் எடுப்பதோடு நிறுத்திவிடாமல் உள்ளேயும் போய்ப் பாருங்கள்.

பண்டர் என்பது என்ன படகு?

தட்டையான அடிப்பாகம், கூரான மூக்கு, ஆறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் போகும். பின்பக்கம் நின்று நீளமான கழியை அடியில் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ள வேண்டும். கழியை ஊன்றுகிற கோணம்தான் திசையையும் தீர்மானிக்கும். புதிதாக முயல்கிறவர்கள் கரைக்குக் கரை முட்டிக்கொண்டே போவார்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம், சந்தை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் இதுதான் வாகனம்.

இப்போது பயணிகள் வாடகைக்கு எடுப்பவை பெரும்பாலும் மின்சாரப் படகுகள். சத்தமே இல்லாததால் 'கிசுகிசுப்புப் படகு' என்று அவற்றுக்கு டச்சு மொழியில் பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல்.

ஊரில் எந்த மதப்பிரிவினர்?

மென்னோனைட்டுகள் இந்த ஊரில் வலுவாக இருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஃப்ரீஸ்லாந்தைச் சேர்ந்த மென்னோ சிமன்ஸின் பெயரால் அறியப்பட்ட பிரிவு அது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், வளர்ந்தபின் தானே விரும்பி ஏற்பதுதான் சரி என்பவர்கள். ஆயுதம் ஏந்தவும் சத்தியப்பிரமாணம் செய்யவும் மறுத்ததால் தொடக்கத்தில் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார்கள். தண்ணீரும் சேறும் சூழ்ந்த இப்படி ஓர் ஊர் அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர்களுடைய தேவாலயம் இன்றும் ஊரின் முக்கியக் கால்வாயையொட்டி நிற்கிறது.

இன்னும் கடல் வெள்ளம் வருமா?

அந்தப் பயம் 1932-ல் முடிந்தது. 1916 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு, 1918-ல் சௌடர்சே சட்டம் நிறைவேறியது. பொறியாளர் கோர்னேலிஸ் லேலியின் திட்டப்படி 32 கிலோமீட்டர் நீள அணையைக் கடலுக்குக் குறுக்கே கட்டினார்கள். 1932 மே 28 அன்று கடைசி இடைவெளி அடைபட்டது. சௌடர்சே கடலாக இருந்தது ஐசல்மேர் என்ற நன்னீர் ஏரியானது. 1942-ல் அந்த ஏரியின் ஒரு பகுதியை வற்றவைத்து வடகிழக்குப் போல்டர் என்ற நிலப்பகுதியை உருவாக்கினார்கள். கீட்ஹோர்னுக்கு மேற்கே பத்து கிலோமீட்டருக்குள் இருந்த கடற்கரையே இல்லாமல் போனது, அங்கே இப்போது உருளைக்கிழங்கு விளைகிறது. பூலாக்கெ மூழ்கியபோது கடல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் புரியாது. பழைய வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எப்போது பிரபலமானது?

1958-ல். பெர்ட் ஹான்ஸ்ட்ரா இயக்கிய 'ஃபான்ஃபாரே' என்ற நகைச்சுவைப் படத்தை இங்கேதான் எடுத்தார்கள். ஒரு கிராமத்தின் பித்தளை வாத்தியக் குழு சண்டையில் இரண்டாக உடைகிற கதை. டச்சு மக்கள் மிக அதிகமாகப் போய்ப் பார்த்த படங்களில் ஒன்று அது. படத்தில் ஊருக்கு வேறு பெயர் வைத்திருந்தாலும், எந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே பெயரில் ஒரு கஃபே இன்றும் கால்வாய்க் கரையில் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, சீனாவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் பெரும் எண்ணிக்கையில் வரத் தொடங்கினார்கள். 2015-ல் வந்த மோனாப்பலி விளையாட்டின் உலகப் பதிப்பிலும் பெருநகரங்களுக்கு நடுவே கீட்ஹோர்ன் இடம்பிடித்தது.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கூட்டம் பிடிக்குமா?

இரண்டும் கலந்த மனநிலைதான். படகு வாடகை, உணவகம், தங்கும் விடுதி என்று பல குடும்பங்களின் வருமானம் இதில்தான் இருக்கிறது. அதே நேரம் மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தால் என்ன ஆகும்? கோடை ஞாயிற்றுக்கிழமை மதியம் முக்கியக் கால்வாயில் படகுகள் முட்டி மோதி நிற்கும். காட்சிப்பொருள் என்று நினைத்து வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்து படம் எடுப்பவர்களும் உண்டு. அவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். தயவுசெய்து பாலத்தின் இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள்.

சாலையே இல்லை என்பது சரியா?

பழைய பகுதிக்கு மட்டும் சரி. அங்கே கால்வாயும், அதையொட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதையும்தான். ஆனால் ஊருக்குப் பக்கவாட்டில் பூலாக்கர்வேக் என்ற சாதாரணத் தார்ச்சாலை போகிறது. பேருந்தும் வரும், காரும் வரும்.

ஊரைச் சுற்றியுள்ள சதுப்பு இப்போது யாருடையது?

வேர்ரிப்பன் 1992-ல் தேசியப் பூங்காவானது. 2009-ல் கீட்ஹோர்னை ஒட்டியுள்ள வீடன் பகுதியும் சேர்ந்தது. மொத்தம் சுமார் 10,000 ஹெக்டேர். 2002-ல் இங்கே நீர்நாய்களை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள், நாட்டில் அவை அழிந்துபோயிருந்தன. ஒருவகைப் பெரிய செந்நிற வண்ணத்துப்பூச்சியின் கிளையினம் உலகிலேயே இந்தச் சதுப்பு வட்டாரத்தில்தான் மிச்சம் இருக்கிறது.

இயற்கை என்றதும் சும்மா விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது. தோண்டிய குழியில் முதலில் நீர்த்தாவரங்கள் வளரும். அவற்றின் வேர்கள் பின்னிப் பாய்போல மிதக்கும். காலை வைத்தால் சுற்றிலும் நிலம் மெல்ல அசையும். அதன்மேல் நாணல் வரும், நாணலை வெட்டாமல் விட்டால் புதர் வரும், பிறகு காடாகிவிடும். காடானால் அந்த வண்ணத்துப்பூச்சிக்கும் சதுப்புப் பறவைகளுக்கும் இடமில்லை. எனவே குளிர்காலம்தோறும் நாணல் வெட்டுகிறவர்கள் செய்கிற வேலை பூங்காவைக் காப்பாற்றுகிறது. நெதர்லாந்துக் கூரைகளுக்குப் பெரும்பகுதி நாணல் இப்போது வெளிநாட்டிலிருந்து மலிவாக வருகிறது. அதனால் இந்தத் தொழிலில் நிற்பது அவர்களுக்கு எளிதாக இல்லை.

எப்போது, எப்படிப் போகலாம்?

ரயிலில் ஸ்டேன்வைக், அங்கிருந்து பேருந்து. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளைத் தவிர்த்தால் நல்லது. ஆகஸ்ட் கடைசியில் நடக்கிற அலங்காரப் படகு ஊர்வலத்தைப் பார்ப்பதானால் மட்டும் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். மாலையில் பேருந்துக் கூட்டம் கிளம்பியபிறகு ஊரே வேறு மாதிரி இருக்கும். பக்கத்தில் ட்வார்ஸ்கிராக்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அதே கால்வாய், அதே பாலம், அதே நாணல் கூரை, ஆனால் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. கடுங்குளிர் வந்து கால்வாய் உறைகிற அபூர்வ ஆண்டுகளில், ஊரே பனிச்சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு பாலங்களுக்கு அடியில் குனிந்து குனிந்து போகும்.